விஷம் இறங்குது என்று நான் சொன்னேன்

மருத்துவமனை வாசலில் நின்ற டாக்சிக்காரர், "எங்கண்ணே போகணும்?" என்று கேட்டார். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு நடந்தேன். கிள்ளான் நகருக்குள் போகும் சாலை அது. நடைபாதை பாதி தூரத்தில் முடிந்துவிடும்; அப்புறம் சாக்கடையை மூடிய சிமெண்டுப் பலகைகள் மேல்தான் நடக்க வேண்டும். லோரிகள் போர்ட் கிள்ளான் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பிற்பகல் மூன்று மணி இருக்கும். எனக்குப் பின்னால், ஐந்தாவது மாடி வார்டில், லெட்சுமி அக்கா படுத்திருந்தார். அவருடைய மகள் கவிதா கடைசியாக என்னிடம் சொன்னது: "இனிமே எங்கம்மாவப் பாக்க வராதீங்க அங்கிள்." சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நின்று பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். அதனால் நடந்தேன்.

மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருந்தாளுநர் இல்லை. பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கினவன், வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டவன். உங்களில் பெரும்பாலோரும் அப்படித்தான். மாத்திரையின் பெயர், அளவு எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவதை அங்கே சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் இதைச் செய்தவன் யாரும் அங்கே போய்ப் பேசுவதில்லை.

இரண்டாம் பாரத்தோடு, பதினான்கு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரே இடத்தில் இருக்கத் தெரியாது. போர்ட் கிள்ளானில் லோரி கிளீனர், சுங்கை பூலோவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கட்டடத்துக்குக் காவல் என்று ஒரு வருடம் இங்கே, எட்டு மாதம் அங்கே. நாற்பத்தைந்து வயதில் மோட்டார் சைக்கிளில் மூட்டுவலி மாத்திரை விற்றேன். பாசார் மாலாமில், அதாவது சாயங்காலச் சந்தையில், ஒரு மேசை போட்டும் விற்றேன்.

வெள்ளை டப்பா. மேலே ஒரு வேரின் படமும், முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஒரு கிழவர் படமும் இருக்கும். முழுக்க மூலிகை என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். உள்ளே பச்சையும் கறுப்புமாகக் குளிகைகள். எனக்குச் சரக்கு கொடுத்தவன் சொன்னது ஒன்றுதான்: "ரெண்டு நாள்ல வலி போகும்னு சொல்லு. போகலன்னா டப்பாவத் திருப்பி வாங்கிக்க." இரண்டு வருடம் விற்றேன். ஒரு டப்பாகூடத் திரும்பி வரவில்லை.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பத்து வருட மூட்டுவலி எந்த வேரைத் தின்றாலும் இரண்டு நாளில் போகாது. இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: "சாப்பிட்ட மறுநாளே எழுந்து நடந்தேன்" என்று யாராவது ஒரு டப்பாவைக் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். பயப்படுங்கள்.

லெட்சுமி அக்கா என்னிடம் வாங்கியவர்களில் ஒருவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவர். இலைச் சாப்பாடுதானே, கழுவ என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கறிச் சட்டிகள், ரசச் சட்டிகள், நூற்றுக்கணக்கில் டம்ளர்கள், காலையில் தோசைத் தட்டுகள். கிள்ளானில் அடுக்குமாடி வீடு. விடிகாலை கொமுட்டர் ரயில் பிடித்து ஏழு மணிக்குக் கடையின் பின்சந்தில் இருப்பார். கணவர் இல்லை. கவிதா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை பார்த்தபோது அவருடைய இரண்டு கைகளும் மூட வரவில்லை. விரல் முட்டிகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் சுடுதண்ணீரில் வைத்தால்தான் டம்ளரைப் பிடிக்க முடியும் என்றார். மாத்திரையை ஆரம்பித்த மூன்றாம் நாள் நான் அந்தப் பக்கம் போனேன். ஒரு பெரிய சட்டியை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.

"டாக்டரே, இங்க பாருங்க! நீ எங்கடா படிச்ச?"

"ரெண்டாம் பாரம்க்கா."

"அதான் மருந்து வேலை செய்யுது. ரொம்பப் படிச்சவன் குடுத்தா ஒன்னும் கேக்க மாட்டேங்குது."

அன்றிலிருந்து நான் அவருக்கு டாக்டர். சில மாதங்களில் அவருக்கு முகம் உருண்டது. கன்னத்தில் சதை வைத்தது. கடையில் எல்லோரும் "அக்கா தெளிஞ்சிட்டாங்க" என்றார்கள். நானும் சொன்னேன். முன்கையில் அடிக்கடி நீலம் நீலமாகத் தடம் இருக்கும். சட்டி விளிம்பு பட்டது என்பார். உருண்ட முகமும் சும்மா வரும் நீலத் தடமும் எதற்கு அடையாளம் என்று இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அது ஆரோக்கியம்.

பிறகு வழக்கம்போல எனக்கு அந்த வேலையும் அலுத்தது. மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு பினாங்கு போனேன், அங்கிருந்து திரும்பி வந்தேன், கடைசியில் அதே பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தேன். அக்கா அதற்குள் வேறு யாரிடமோ அதே மாத்திரையை வாங்கிக்கொண்டிருந்தார். நடுவில் விடவில்லை. மூன்று வருடம்.

கடையின் மருந்தாளுநர் ஓர் இளம் பெண். இருபத்தெட்டு வயதுதான். எல்லோரும் மிஸ் என்று கூப்பிடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் கொள்கலன் லோரி ஓட்டும் ஒருவர் வந்து, முதுகுவலிக்கு மாத்திரை கேட்டார். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். மிஸ் தடுத்து, "வேற என்ன சாப்பிடுறீங்க அண்ணே?" என்று கேட்டார். "மருந்தெல்லாம் ஒன்னும் இல்ல மிஸ்." மிஸ் விடவில்லை. "மருந்து வேணாம். பைல என்ன இருக்கு, காட்டுங்க." அவர் பையிலிருந்து மூன்று உறைகள் வந்தன. மூன்று கிளினிக், மூன்று நிறம். மூன்றும் ஒரே வகை வலி மாத்திரை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். மலம் எந்த நிறத்தில் போகிறது என்று மிஸ் கேட்டார். "தார் மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார். அன்றே அவரை டாக்சியில் மருத்துவமனைக்கு அனுப்பினோம். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க அங்கிள்," என்றார் மிஸ். "கிளினிக் சீட்டுல எழுதினது மட்டும்தான் நம்ம ஆளுங்களுக்கு மருந்து. சந்தையில வாங்கினது, பக்கத்து வீட்டு ஆன்டி குடுத்தது, கோவில் வாசல்ல வித்தது, இதெல்லாம் அவங்க கணக்குல மருந்தே கிடையாது. ஒவ்வொன்னாப் பேர் சொல்லிக் கேக்கணும்."

நான் தலையாட்டினேன். சந்தையில் விற்றவனே நான்தான் என்று சொல்லவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒருவர் அந்த வெள்ளை டப்பாவையே கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். வேர்ப் படம், சிரிக்கும் கிழவர். நான் விற்ற அதே டப்பா. மிஸ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். கொண்டுவந்தவரைத் தனியே உட்காரவைத்து வெகுநேரம் பேசினார், ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து கிளினிக்குக்கு அனுப்பினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இதுல மூலிகை பேருக்குத்தான். உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்காங்க, வலி மாத்திரையும் சேத்து. எலும்பு, சக்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாத்தையும் கெடுத்துரும். இதச் சாப்பிடுறவங்க யாராவது வந்தா நீங்களா ஒன்னும் சொல்லாதீங்க. என்கிட்ட அனுப்புங்க. நிறுத்துன்னுகூடச் சொல்லக்கூடாது. புரியுதா?"

புரிந்தது. காதில் நன்றாக விழுந்தது. கவனிக்கவில்லை, யாரோ குறுக்கே பேசினார்கள் என்றெல்லாம் சொல்லமாட்டேன். லெட்சுமி அக்காவைக் கையோடு கூட்டிவந்து மிஸ் முன்னால் நிறுத்தியிருக்கலாம். கடையிலிருந்து பின்சந்து ஐந்து நிமிட நடை. ஆனால் அக்கா வந்தால் என்ன சொல்வார்? "நம்ம டாக்டர்தான் குடுத்தாரு" என்று என்னைக் காட்டிச் சிரிப்பார். மிஸ் என் முகத்தைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்குப் பயந்துதான் நான் தனியாகப் போனேன்.

அறிவு போதாமல் நடந்த தவறு என்று சிலர் எனக்காகப் பேசியிருக்கிறார்கள். அது உண்மையில்லை. எனக்கு வேண்டிய அளவு அறிவைக் கையில் கொடுத்திருந்தார்கள். வெட்கம்தான் என்னைத் தடுத்தது.

பின்சந்தில் அக்கா தாழ்வான குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த மாத்திர இன்னும் சாப்பிடுறீங்களா?"

"பின்ன? அதுதான சோறு போடுது."

"அது விஷம்க்கா. உள்ள என்னமோ கலந்திருக்கான். இனிமே தொடாதீங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "வித்தது நீதானேடா?"

"அப்பத் தெரியாதுக்கா."

"இப்ப மட்டும் தெரிஞ்சிருச்சா? பெரிய கடைல வெள்ளைச் சட்டை போட்டதும் எங்க மருந்து விஷமாயிருச்சு லா ஒனக்கு?" சமையற்கட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். "போடா டாக்டரு. டம்ளர்ல தண்ணி தெறிக்கும், தள்ளி நில்லு."

அவருடைய கைப்பை ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் டப்பாவை அதில்தான் வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். எடுத்தேன். மூடியைத் திறந்து அத்தனை குளிகைகளையும் சாக்கடையில் கொட்டினேன். டப்பாவையும் மிதித்து நசுக்கிப் போட்டேன். அக்கா எழுந்து வந்து ஈரக் கையால் என் முதுகில் ஓர் அறை வைத்தார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். நான் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையும் ஒரு தைலமும் கொடுத்தேன். வேறு எங்கும் அதை வாங்க மாட்டேன் என்று கவிதா மேல் சத்தியம் வாங்கினேன். திரும்பி நடக்கும்போது பல வருடத்தில் இல்லாத நிம்மதி. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். "ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு தம்பி. கை பழையபடி மூட மாட்டேங்குது."

"விஷம் இறங்குதுக்கா. அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்குங்க."

எங்கிருந்து எனக்கு இந்த வார்த்தை வந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நம் வீடுகளில் பேதிக்குக் கொடுப்பார்கள். வயிறு கழுவிப் போகும்போது கஷ்டமாக இருக்கும், பிறகு சுத்தமாகிவிடும் என்பார்கள். உடம்பிலிருந்து கெட்டது போகும்போது வலிக்கத்தான் செய்யும் என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அக்காவும் அதை உடனே நம்பினார். நான் ஒன்றும் பெரிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான்காம் நாள் வாந்தி. தலை சுற்றுகிறது, ரயிலில் நிற்க முடியவில்லை, ஆனாலும் வேலைக்கு வந்துவிட்டேன் என்றார். "நல்லதுக்கா. வெளிய வரட்டும்," என்றேன். இதை நான் எழுதியே ஆகவேண்டும் என்று எழுதுகிறேன். நல்லது என்றேன்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கவிதா அழைத்தாள். அம்மா குளியலறையில் விழுந்து கிடந்தார், ஆம்புலன்சில் கொண்டுவந்திருக்கிறோம், அம்மா போனில் கடைசியாக இருந்தது உங்கள் நம்பர் என்றாள். யாரிடமும் சொல்லாமல் கடையிலிருந்து கிளம்பினேன். கிள்ளானுக்கு ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது.

அவசரப் பிரிவின் வெளியே கவிதா நின்றாள். கதவு திறந்து ஓர் இளம் மலாய் டாக்டர் வந்தார். ரத்த அழுத்தம் ஏறவே இல்லை, தண்ணீர் ஏற்றியும் ஏறவில்லை, காரணம் தெரியவில்லை, ஏதாவது மருந்து சாப்பிடுகிறவரா என்று மலாயில் கேட்டார்.

"தாக் அடா, டாக்டர்," என்றாள் கவிதா. இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கிலும் அது மருந்து இல்லை.

நான் அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றேன். வாயைத் திறக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். டாக்டர் என்னையும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கதவு மூடியது.

போலீஸ் வரும் என்று பயந்தேன். விற்றவன் என்று பிடிப்பார்கள் என்று பயந்தேன். அதைவிட, கவிதா திரும்பிப் பார்ப்பாளே என்று பயந்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது. இருபது நிமிடம் அப்படியே நின்றேன். அந்த இருபது நிமிடத்தை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உள்ளே ஒரு மனுஷி செத்துக்கொண்டிருந்தார், வெளியே நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

போன் அதிர்ந்தது. மிஸ். "எங்க அங்கிள் போயிட்டீங்க, சொல்லாம கொள்ளாம?"

அவருடைய குரலைக் கேட்டதும், கவிதா காதில் விழும்படியே, எல்லாம் வெளியே வந்துவிட்டது. டப்பா, சாக்கடை, ஐந்து நாள், வாந்தி. நான்தான் விற்றேன் என்பதும். மிஸ் முழுதும் கேட்டார். முடித்ததும், "போனை டாக்டர்கிட்டக் குடுங்க. இப்பவே. கதவத் தட்டாதீங்க, தள்ளிட்டு உள்ள போங்க," என்றார்.

தள்ளிக்கொண்டு போனேன். ஒரு நர்ஸ் கத்தினார். டாக்டர் போனை வாங்கி அரை நிமிடம் கேட்டார். அடுத்து அவர் நர்சிடம் சொன்ன மருந்தின் பெயரை நான் பிறகு எத்தனையோ தடவை அலமாரியில் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு ஸ்டீராய்டுதான்; ஊசியில் ஏற்றினார்கள். பிறகு என்னிடம் திரும்பி, அந்த டப்பா எங்கே, உள்ளே எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும் என்றார்.

சாக்கடையில் கொட்டிவிட்டேன் என்றேன். மலாயில் அதைச் சொல்வது தமிழில் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் அக்காவுக்கு அழுத்தம் ஏறியது. கண் திறந்தார்.

என்ன நடந்தது என்று மிஸ் பிற்பாடு எனக்கு விளக்கினார். சிறுநீரகத்துக்கு மேல் சின்னதாக இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பு ஒரு நோயையோ அதிர்ச்சியையோ தாங்க வேண்டுமானால் அவை சுரக்க வேண்டும். மூன்று வருடமாக வெளியிலிருந்து ஸ்டீராய்டு தினமும் வந்துகொண்டிருந்ததால் அவை வேலையை விட்டுவிட்டன. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, டாக்டர் பார்த்துப் பார்த்துத்தான் அவற்றை எழுப்ப முடியும். நான் ஒரே நாளில் அறுத்துவிட்டேன். நான் விஷம் இறங்குகிறது என்று சொன்ன ஒவ்வொரு நாளும் அவருக்கு உயிர்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் அனுப்பச் சொன்னேனே அங்கிள்," என்றார் மிஸ். அதற்குமேல் திட்டவில்லை. நடந்ததை அவர் மேலே எழுதி அனுப்ப வேண்டியிருந்தது, அனுப்பினார். சரக்கு கொடுத்தவனின் பெயரையும் இடத்தையும் என்னிடம் கேட்டு அதையும் சேர்த்தார். அவன் மேசை அதற்குள் சந்தையில் இல்லை. முடிவு தெரியும்வரை நான் கடைக்கு வரவேண்டாம் என்றார்கள். அந்தக் கடை என்னைத் திரும்ப எடுக்கவில்லை, நியாயம்தான். ஒரு வருடம் கழித்து வேறொரு கடையில் நேர்முகத்துக்குப் போனபோது, உட்கார்ந்ததும் முதலில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். அவர்கள் என்னை எடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் நின்றேன். ஒரே இடத்தில் நான் அவ்வளவு காலம் இருந்தது அதுதான்.

உங்களுக்கு ஒரு முடிவான நல்ல செய்தி வேண்டும் என்று தெரியும். அக்கா பிழைத்தார், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் கவுண்டரில் நிற்கப் போகிறவர்கள்.

நான் கடைசியாக வார்டுக்குப் போன அன்று, எலும்பு டாக்டர் கவிதாவிடம் பேசிக்கொண்டிருந்தார். இடது இடுப்பெலும்பின் பந்து நொறுங்கத் தொடங்கிவிட்டது, அது ஸ்டீராய்டின் வேலை. நின்றுகொண்டோ தாழ உட்கார்ந்தோ இனி வேலை செய்ய முடியாது. சர்க்கரை ஏறியிருக்கிறது. கைகளில் இருப்பது சாதாரணத் தேய்மானம் இல்லை. உடம்பே தன் மூட்டுகளைத் தாக்கும் வியாதி. அதற்கு உண்மையான மருந்து உண்டு, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுகிற மாத்திரை, கூடவே மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்திருந்தால் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாம். இப்போது மேலும் கெடாமல் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்த மூன்று வருடமும் வலி இல்லை என்று அக்கா சட்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே எலும்பு அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வலி இருந்திருந்தால் என்றைக்காவது கிளினிக்குக்குப் போயிருப்பார். நான் விற்றது வலியை மட்டும் எடுத்தது.

டாக்டர் போனதும் நான் கட்டிலருகே போனேன். அக்காவின் கைகள் போர்வை மேல் இருந்தன, பாதி மூடியபடி.

"வந்துட்டாரா டாக்டரு," என்றார். குரல் மெலிந்திருந்தது.

"அக்கா, நான்தான்க்கா எல்லாத்துக்கும்..."

"தெரியும் லா. கவிதா சொன்னா. வித்தவனும் நீ, வீசினவனும் நீ. அத விடு. கடைல என் எடத்துல யாரு நிக்கிறா?"

"தெரியலக்கா."

"மொதலாளி ஆள் போட்டுருவாரு தம்பி. ஒரு தடவ வேற ஆள் நின்னுருச்சுன்னா அப்புறம் நம்மளக் கூப்பிட மாட்டாரு. நீ போய்ச் சொல்லு. ரெண்டு வாரத்துல வந்துருவேன்னு சொல்லு."

இடுப்பைப் பற்றி அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கவிதா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், சொல்லாதே என்று.

"சொல்றேன்க்கா."

அக்கா கையைத் தூக்க முயன்றார். முடியவில்லை. தலையால் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "இங்க குடுக்கிற மாத்திரைல ஒன்னும் கேக்கல. கை மூடவே மாட்டேங்குது. கவிதாவுக்குத் தெரியாம அந்தப் பழைய டப்பா ஒன்னு வாங்கிட்டு வாடா. அது தின்னா ரெண்டு நாள்ல எந்திரிச்சிருவேன். நீயே பாத்திருக்க இல்ல?"

கவிதாவுக்குக் கேட்டுவிட்டது. அதன் பிறகுதான் என்னை வராண்டாவுக்கு அழைத்துவந்து, இனி வராதீர்கள் என்று சொன்னாள்.

கிள்ளான் நிலையம்வரை நடந்தே போனேன். ரயிலில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் இறங்கியபோது மழை பிடித்திருந்தது. நனைந்தபடியே அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். முதலாளி கல்லாவில் இருந்தார்.

"லெட்சுமி எப்படி இருக்கு?"

"இருக்காங்க பாஸ். ரெண்டு வாரத்துல வந்துருவாங்க."

"ரெண்டு வாரமா? இங்க ரெண்டு நாளே தாங்காது. பின்னாடி போய்ப் பாருங்க, மலை மாதிரி கெடக்கு. நாளைக்கு ஒரு ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

"அவர வர வேணாம்னு சொல்லுங்க."

"அப்ப யாரு கழுவுறது, நீங்களா?"

"நான்தான். அவங்க வர்ற வரைக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்களுக்கு மருந்துக் கடை வேலை இருக்கே?"

"இல்ல பாஸ்."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பின்சந்தில் இருந்தேன். முதலாளி ஒரு பிளாஸ்டிக் ஏப்ரனைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரெண்டு வாரந்தானே?"

"ரெண்டு வாரந்தான்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் வந்தது அடிப்பிடித்த ஒரு சாம்பார்ச் சட்டி. ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்துக் குழாயடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.